நஷ்டஈடு பிச்சை அல்ல, சைக்கிள் தொழிலாளியின் உரிமை!

விடியற்காலை ஐந்து மணி. சைக்கிள் ஹாண்டில் பாரில் சாப்பாட்டுத் தூக்கு தொங்குகிறது. பின்னால் கேரியரில் கரணையும் மட்டக்கோலும் ஒரு பையில் கட்டியிருக்கின்றன. கொத்தனார் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பின்னால் வந்த லாரி உரசுகிறது. சைக்கிள் ஒரு பக்கம், தூக்கு ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். தொடை எலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார்.

மூன்றாம் நாள் லாரி சொந்தக்காரரின் ஆள் ஒருவர் வருகிறார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம், சட்டைப் பையில் பத்தாயிரம் ரூபாய், மடித்த காகிதம் ஒன்று.

"அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. கேஸ், கோர்ட்டுன்னு அலைஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம். உங்க சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா? லைசென்ஸ் இருக்கா? கோர்ட்டுக்குப் போனா சல்லிக்காசு கிடைக்காது. இதைப் பிடிங்க, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க."

கட்டிலருகே நிற்கும் மனைவி கணவரின் முகத்தைப் பார்க்கிறார். வீட்டு வாடகை பாக்கி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம். கையெழுத்து விழுகிறது.

இது ஏதோ ஓர் ஊரில் மட்டும் நடந்த கதை அல்ல. கோவையில், திருப்பூரில், சென்னையின் புறநகர்களில், தஞ்சை மாவட்டத்துச் சாலையோரங்களில் நாம் கண்டு சலித்த காட்சி. 2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்த நாட்டில் நூறு குடும்பங்களில் சுமார் 45 குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்தில் கை, கால் இழந்து வீட்டோடு கிடப்பவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

லாரிக்காரரின் ஆள் சொன்னதில் எவ்வளவு உண்மை? ஒரு துளியும் இல்லை. அந்தக் காகிதத்தின் விலை என்ன, அது யாருக்கு லாபம் என்பதைச் சைக்கிள் மிதிக்கும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும்.

யாருடைய இன்ஷூரன்ஸ்?

சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, லைசென்சும் வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டியவர் மோட்டார் வண்டியின் சொந்தக்காரர். அதுவும் அவருடைய வண்டிக்காக அல்ல. அந்த வண்டியால் அடிபடக்கூடிய மூன்றாம் மனிதருக்காக. அந்த மூன்றாம் மனிதர்தான் நமது கொத்தனார்.

இது இன்று வந்த ஏற்பாடும் அல்ல. 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே கட்டாய இன்ஷூரன்ஸ் எழுதப்பட்டது. இந்த வழக்குகளுக்கென்று தனி ட்ரிப்யூனல் அமைக்க 1956 திருத்தம் வழி செய்தது. பின்னர் வந்த 1988 சட்டத்தின் 146-வது பிரிவு அதே கட்டாயத்தை வைத்திருக்கிறது. லாரி முதலாளி வருஷந்தோறும் கட்டுகிற பிரீமியத்தில் ஒரு பகுதி சாலையில் போகிற முன்பின் அறியாத மனிதருக்காகக் கட்டப்படுவது. ஆகவே நஷ்டஈடு கேட்பது யாரிடமும் கையேந்துவதல்ல. நம் பேரில் கட்டப்பட்ட பணத்தை நாம் கேட்பது.

பின் ஏன் பத்தாயிரத்தோடு ஆள் வருகிறார்? போலீஸ் கேசும் கோர்ட்டு வாய்தாவும் தொல்லை என்று சொந்தக்காரர் நினைக்கிறார். சில சமயம் வண்டிக்கு இன்ஷூரன்ஸே இருக்காது. அப்போது முழுத் தொகையும் அவர் தலையில்தான் விழும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை என்கிறது சட்டம். ஒரு மனிதரின் காலை முறிக்கக்கூடிய வண்டியை இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் விடுவதற்கு இந்த அபராதம் ஒரு தண்டனையா?

கணக்குப் பார்ப்போம்

பத்தாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்ட கொத்தனார் எவ்வளவு இழந்தார்? உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். வயது 38, மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். சொந்தமாக உழைப்பவரானாலும், நாற்பது வயதுக்கு உட்பட்டவரானால் வருங்கால வருமான உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்க்க வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சேர்த்தால் 2,52,000 ரூபாய். வயதுக்கு ஏற்ற பெருக்கல் எண் எது என்று 2009 தீர்ப்பு ஓர் அட்டவணையே கொடுத்திருக்கிறது. 36 முதல் 40 வயது வரை 15. பெருக்கினால் 37,80,000 ரூபாய்.

இத்தனையும் கிடைக்குமா? உழைக்கும் சக்தியில் எத்தனை பங்கு போயிற்று என்பதைப் பொறுத்தது அது. இங்கேதான் பெரிய சூட்சுமம் இருக்கிறது.

டாக்டர் காலைப் பரிசோதித்து "நூற்றுக்கு 40 ஊனம்" என்று சர்டிபிகேட் எழுதுகிறார். கம்பெனி வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு 40 பங்குதான் நஷ்டம் என்கிறார். அந்தக் கணக்குப்படி 15,12,000 ரூபாய். ஆனால் 40 சதவீதம் முடங்கிய காலோடு கொத்தனார் சாரத்தில் ஏற முடியுமா? அவருக்கு ஊனம் நாற்பதாக இருக்கலாம். பிழைப்பில் நஷ்டம் நூறு.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. இடது கை போன ஒருவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாத்தியம் அநேகமாக முழுவதும் போய்விட்டது. அவரே சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தால் உத்தியோகம் போகாமலே இருக்கலாம். ஆகவே உடலின் ஊனம் வேறு, உழைப்புச் சக்தியின் நஷ்டம் வேறு. ட்ரிப்யூனல் இரண்டாவதைத்தான் அளக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதற்கு டாக்டரைச் சாட்சி சொல்ல அழைக்க வேண்டும். தொழிலாளியும் தன் தொழில் என்ன, அதில் எந்த வேலை இனிச் செய்ய முடியாது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் நம் உதாரணத்தில் வித்தியாசம் 22,68,000 ரூபாய்! ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு இத்தனை விலை.

இதன் மேல் வைத்தியச் செலவு, துணையாள் செலவு, படுத்திருந்த நாட்களின் கூலி, பட்ட வேதனை ஆகியவற்றுக்கும் தனியாகக் கேட்கலாம். வழக்கமாக மனு தேதியிலிருந்து வட்டியும் உண்டு.

"சம்பளச் சீட்டு இல்லையே, வருமானத்துக்கு என்ன அத்தாட்சி?" என்று கம்பெனி கேட்கும். அமைப்பு இல்லாத தொழிலில் இருப்பவரிடம் அத்தகைய காகிதத்தை எதிர்பார்க்கக் கூடாது என்று 2014-ல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி, காலிழந்த அவருக்கு மாத வருமானம் 6,500 ரூபாய் என்று தானே நிர்ணயித்தது. மேஸ்திரியின் சாட்சி, உடன் வேலை செய்பவரின் சாட்சி, நலவாரிய அட்டை, கூலி குறித்த நோட்டு, எதுவும் உதவும்.

அவசரப் பணமும் அதன் பொறியும்

யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கிடைக்கிற ஒரு தொகையும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள 164-வது பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். பதினைந்து நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் அதுவே. சைக்கிளில் விளக்கு இல்லை, நடு ரோட்டில் வந்தார் என்றெல்லாம் சொல்லி இந்தத் தொகையைத் தடுக்க முடியாது.

நல்ல ஏற்பாடுதானே? பாதி நல்லது. மீதிப் பாதியைக் கேளுங்கள். 1982-ல் இந்த முறை முதன்முதல் வந்தபோது மரணத்துக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய்தான். ஆயினும் அது முன்பணம் போன்றது. அதை வாங்கிக்கொண்டு முழு நஷ்டஈட்டுக்கும் வழக்காடலாம், கடைசியில் கழித்துக்கொள்வார்கள். இப்போதைய சட்டத்தில் கம்பெனியின் அதிகாரி சமரசத்துக்கு முன்வந்து, அடிபட்டவர் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், ட்ரிப்யூனலில் போட்ட மனு செத்துப்போகிறது. 37 லட்சம் கேட்கக்கூடியவர் இரண்டரை லட்சத்தோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும்!

பசித்தவனிடம் ஒரு கையில் சோற்றையும் மறு கையில் பத்திரத்தையும் நீட்டுவதற்குப் பெயர் சமரசமா? சின்னக் காயம், கேஸ் நடத்தச் சாட்சியும் இல்லை என்றால் அதை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனமாக இருக்கலாம். ஆனால் கால் முடங்கியவர் வக்கீலிடம் கேட்காமல் அந்தக் கையெழுத்தைப் போடலாகாது.

ஆறு மாதத்துக்குள்!

இன்னொரு சுருக்குக் கயிறும் இருக்கிறது. 1988 சட்டத்தில் மனுப் போட ஆறு மாதக் கெடு இருந்தது. ஏழைகள் பாதிக்கப்படுகிறார்கள் என்று கண்டு 1994-ல் அந்தக் கெடுவை எடுத்தார்கள். 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அமல். கால் முறிந்தவர் கம்பி வைத்த காலோடு ஆறு மாதம் படுக்கையிலேயே இருப்பார். பணக்காரக் கம்பெனிக்கு வாய்தா வாங்க வருஷக்கணக்கு. படுத்திருப்பவருக்கு ஆறே மாதமா? இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. கெடு தாண்டியவர்கள் கைவிட்டுவிடாமல் வக்கீலிடம் கேட்க வேண்டும். தாண்டாதவர்கள் ஒரு நாளும் வீணாக்க வேண்டாம்.

போலீஸ் தன் கடமையைச் செய்தால் இந்தச் சங்கடமே வராது. விபத்து பற்றிய அறிக்கையை மூன்று மாதத்துக்குள் ட்ரிப்யூனலுக்கு அனுப்ப வேண்டும் என்பது 159-வது பிரிவு. அந்த அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது 166-வது பிரிவு. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவற்றை முறையாக அமல்படுத்தும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அறிக்கை போயிற்றா என்று ஸ்டேஷனில் போய்க் கேட்பது நம் உரிமை. கேட்காத இடத்தில் காகிதம் நகராது.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. தாம் குடியிருக்கும் இடத்து ட்ரிப்யூனலிலும் போடலாம். திருப்பூரில் அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம்.

வண்டி நிற்காமல் ஓடிவிட்டால்?

இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022-ல் வந்த திட்டம் சொல்கிறது. மனுவைத் தாசில்தாரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ கொடுக்க வேண்டும். எத்தனை பேர் கொடுத்தார்கள்? 2022-ல் நாட்டில் இப்படி இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் வந்த மனுக்கள் 205! பணம் பெற்றவை 95!

கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் வெளிவந்த கணக்கு இது. இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போலீசே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அன்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆயிரம் பேரில் மூன்று பேர் மனுக் கொடுத்தார்கள் என்றால் மற்ற 997 பேருக்கும் பணம் வேண்டாமா? விஷயம் தெரியாது, அவ்வளவுதான். ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் ஏழைக்குச் சோறு போடாது.

அரசு பஸ் இடித்தால்?

அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனியாக ஒரு நிதி வைத்துக்கொண்டால் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டியதில்லை என்று சட்டம் விலக்குக் கொடுக்கலாம். அப்போது கழகமே பணம் கட்ட வேண்டும். ஆனால் தீர்ப்பு வந்தும் கட்டாமல் இழுத்தடிப்பதும், கடைசியில் கோர்ட்டு அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ்ஸை ஜப்தி செய்வதும் நம் மாநிலத்தில் பத்திரிகையில் அடிக்கடி வரும் செய்தி. அடிபட்டவருக்கும் கஷ்டம், நடுவழியில் இறக்கிவிடப்பட்ட பிரயாணிகளுக்கும் கஷ்டம். பொதுத்துறை பஸ் நமக்கு வேண்டும், நன்றாக ஓடவும் வேண்டும். அதற்காகவே, அதன் கடனை ஒழுங்காகத் தீர்க்கப் பணம் ஒதுக்க வேண்டியது சர்க்காரின் பொறுப்பு.

குழியில் விழுந்து அடிபட்டவர் கதை இன்னும் பரிதாபம். மோட்டார் வண்டி சம்பந்தப்படாததால் ட்ரிப்யூனலுக்குப் போக முடியாது. சிவில் கோர்ட்டுதான் வழி. ரோட்டைச் சரியாகப் போடாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால் காண்டிராக்டருக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. விழுந்தவருக்கு என்ன என்பதை அது சொல்லவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, உயிர். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ரொக்கம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும் என்று 2025 மே மாதம் மத்திய சர்க்கார் திட்டம் அறிவித்தது. முன்பணம் கேட்டால் இதைச் சொல்லி வாதாடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே "விபத்து, இன்ன வண்டி இடித்தது" என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். "தானாக விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பிறகு அந்த ஒரு வரியே கேசைக் கொன்றுவிடும்.

இரண்டாவது, வண்டி நம்பர். நம்பர், நேரம், இடம், பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுங்கள். நசுங்கிய சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் படம் எடுங்கள். அதுவும் ஒரு சாட்சி.

மூன்றாவது, காகிதம். முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்துக்கடை ரசீது, ஆட்டோக் கூலி வரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

நான்காவது, வக்கீல். தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்ட மக்கள், பழங்குடி மக்கள், ஊனமுற்றோர் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தர 1987 சட்டம் வழி செய்திருக்கிறது. ஜில்லா கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் புரோக்கரை நம்பாதீர்கள். கிடைக்கும் நஷ்டஈட்டில் இத்தனை பங்கு என்று வக்கீல் பேரம் பேசுவதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

ஐந்தாவது, மற்ற வரவுகள். ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர் வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டால் அதையும் வேலையில் நேர்ந்த காயமாகக் கருத 2010 திருத்தம் இடம் கொடுத்தது. வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம் உண்டு. பலருக்கும் பணம் பிடிப்பது தெரியும், எதற்கென்று தெரியாது. பாஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

நமது கோரிக்கை

தனி மனிதர் விழிப்போடு இருந்தால் மட்டும் போதாது. ஆறு மாதக் கெடு எடுக்கப்பட வேண்டும். 164-வது பிரிவின் தொகை பழையபடி முன்பணமாக வேண்டும். முழு நஷ்டஈட்டுக்குக் குறுக்கே அது நிற்கக் கூடாது. இடித்துவிட்டு ஓடிய வண்டியால் கால் இழந்தவருக்கு 50,000 ரூபாய் என்பது ஒரு தொகையே அல்ல. அதுவும் உயர வேண்டும். ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் விபத்து வார்டின் சுவரில் இந்த உரிமைகள் தமிழில் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும்.

அதுவரை சுவரின் வேலையை நாம் செய்வோம். இதை வாசிப்பவர்கள் சைக்கிள் ஸ்டாண்டிலும், டீக்கடையிலும், வேலைத்தளத்திலும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அடிபட்டுக் கிடந்தால் பழத்தோடு மட்டும் போகாதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். வண்டி நம்பர் என்ன, எப்.ஐ.ஆர். போட்டாயிற்றா, எந்தக் காகிதத்திலாவது கையெழுத்துக் கேட்டார்களா என்று விசாரியுங்கள்.

அடுத்த முறை மடித்த காகிதத்தோடு ஆள் வரும்போது கட்டிலருகே நிற்கும் அந்தத் தாய் தனியாக நிற்கக் கூடாது. "கையெழுத்து இருக்கட்டும் ஐயா, உங்கள் வண்டியின் இன்ஷூரன்ஸ் நம்பரைச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்க வேண்டும்.